சர்க்கஸ் விலங்குத் தடை: ஒரு திருத்தம்
‘உச்ச நீதிமன்றம் 1998-ல எல்லா விலங்குகளையும் தடை செஞ்சதோட சென்னையில சர்க்கஸ் செத்துப்போச்சு’ன்னு எழுதியிருக்கீங்க. அது சரியில்லைங்க. 1998-ல வந்தது மத்திய அரசோட அறிவிக்கை. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம், இந்த ஐந்துக்கு மட்டும்தான். யானை, குதிரை, ஒட்டகமெல்லாம் அதுல கிடையாது. சர்க்கஸ்காரங்க வழக்குப் போட்டாங்க. 2001-லதான் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செஞ்சது.

அதுக்கப்புறமும் சென்னை தீவுத்திடல் மைதானத்துல சர்க்கஸ் கூடாரம் போட்டிருக்காங்க. 2011-ல குழந்தைகளை சர்க்கஸ்ல வேலைக்கு வைக்கக்கூடாதுன்னு அதே நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துப் பேசணும். என்னைக் கேட்டா அதுதான் பெரிய திருப்பம். சின்ன வயசுலேயே பழக்குற வித்தை இது, இருந்தும் அந்தத் தீர்ப்பு அவசியமாத்தான் இருந்தது. அந்தரத்துல பார் கம்பியில தொங்கி ஆடுறவங்களோட உழைப்பை, சிங்கம் இல்லைங்கிறதுக்காக ‘செத்துப்போச்சு’ன்னு ஒதுக்காதீங்க.