ஏஎம்டி காரிலும் கிளட்ச் உண்டு

"மேனுவல் காலம் முடிந்தது, ஏஎம்டி (கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் கார்) எடுத்தால் கிளட்சே கிடையாது, அதனால் கிளட்ச் பிளேட் செலவும் கிடையாது" என்று சிலர் சொல்கிறார்கள். முதல் பாதி அவரவர் கருத்து. இரண்டாவது பாதி மட்டும் சரியில்லை.

ஏஎம்டியில் இல்லாதது கிளட்ச் பெடல்தான். 2014இல் மாருதியின் செலரியோ காரோடு இந்தியாவில் பரவத் தொடங்கிய இந்த முறையில், உள்ளே இருப்பது அதே மேனுவல் கியர்பாக்ஸ், இன்ஜினை அதோடு சேர்த்துப் பிரிக்கும் அதே மாதிரி கிளட்ச் பிளேட். நம் இடது கால் செய்த வேலையை ஒரு ஆக்சுவேட்டர் (தானாக இயங்கி கிளட்சை அசைக்கும் கருவி) செய்கிறது, அவ்வளவுதான். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது தலை லேசாக முன்னால் ஆடுகிறதே, அது கிளட்ச் விலகிச் சேரும் இடைவெளி. டார்க் கன்வர்ட்டர் (இந்த கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் பாகம்) உள்ள ஆட்டோமேட்டிக் வேறு வகை, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

சந்தேகமிருந்தால் உங்கள் காரின் கையேட்டைப் புரட்டுங்கள். மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், கிளட்ச் சூடாகும் என்ற எச்சரிக்கை பொதுவாக இருக்கும். இல்லையா, உதிரிபாகக் கடையில் மாடலையும் வருடத்தையும் சொல்லி கிளட்ச் பிளேட் விலை கேளுங்கள்.

வசதிக்காக ஏஎம்டி வாங்குவதில் தப்பே இல்லை. (வளைவுக்கு முன் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு நாமே இறக்கும் சுகம் தனி, அது வேறு கதை.) பிளேட் தேயும் என்பதையும் கணக்கில் வைத்து வாங்குங்கள்.