ஊசலி என்போமா, அலையியற்றி என்போமா?

பினாங்கில், பட்டர்வொர்த் பக்கம், சனிக்கிழமைதோறும் நானும் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் சிலரும் கட்டத்தாளில் பொத்தான்களை அடுக்கி, கணிதவியலர் ஜான் கான்வே வகுத்து 1970இல் உலகம் அறிந்துகொண்ட உயிர் விளையாட்டை ஆடிப் பார்க்கிறோம். ஒவ்வொரு கட்டமும் அக்கம்பக்கத்துக் கட்டங்களைப் பொறுத்து, ஒரே விதிப்படி, படிப்படியாக மாறும் அமைப்புகளான செல்லுலார் ஆட்டோமேட்டாக்களில் அதிகம் அறியப்பட்டது அதுதான். உயிருள்ள, அதாவது பொத்தான் வைத்த, கட்டத்தைச் சுற்றியுள்ள எட்டில் இரண்டோ மூன்றோ உயிரோடு இருந்தால் அது பிழைக்கும். வெற்றுக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால் அங்கே ஒன்று பிறக்கும். கிடையாக வைத்த மூன்று பொத்தான்கள் செங்குத்தாகி, மறுபடியும் கிடையாகின்றன. இப்படி இடம் பெயராமல் பழைய நிலைக்கே திரும்பும் வடிவத்தைத் தமிழில் என்னவென்று சொல்வது?

ஆங்கிலத்தில் அதன் பெயரான ‘ஆஸிலேட்டர்’ என்பதற்கு அலையியற்றி என்ற சொல் வழக்கில் இருக்கிறது. மின்னணுவியலுக்கு அது பொருந்தும். அங்கே அந்த மின்சுற்று உண்மையிலேயே அலையை உண்டாக்குகிறது. இங்கே அலை எதுவும் இல்லை. ஆகவே ‘ஊசலி’ என்கிறேன். ஊசல் வந்த வழியே திரும்பும், பல்சார் என்ற வடிவமோ மூன்று நிலைகளை ஒரே வரிசையில் கடந்து முதல் நிலைக்கு வருகிறதே என்று நண்பர் ஒருவர் மறுத்தார். நியாயமான மறுப்புதான். ஆனாலும், நகர்ந்துகொண்டே போகும் கிளைடரிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் பண்பு, இருந்த இடத்திலேயே ஆடுவது. அதை இந்தச் சொல் காக்கிறது.

பெயரைவிட, எத்தனை தலைமுறைக்கு, அதாவது விதியை எத்தனை தடவை செயல்படுத்தியதற்கு, ஒருமுறை மீள்கிறது என்ற எண்ணில்தான் உடன்பாடு அவசரமாகத் தேவை. நொடிக் கணக்கு இல்லாததால் ‘அலைவு நேரம்’ என்னாமல் ‘சுற்றெண்’ என்கிறோம். ஒரு மாணவி, சுற்றெண் 2 உள்ள அந்த மூன்று பொத்தான்களையும், 48 பொத்தான்களால் அடுக்கிய, சுற்றெண் 3 உள்ள பல்சாரையும் தாளின் இரு ஓரங்களில் வைத்து, “ஐயா, இது ஆறு” என்றாள். தாள் முழுவதையும் பார்த்தால் அவள் சொன்னது சரி. ஆனால் மாறும் எந்தக் கட்டத்தின் மீது விரல் வைத்தாலும் அது இரண்டிலோ மூன்றிலோ மீள்கிறது. ஆறு எடுத்துக்கொள்ளும் கட்டம் ஒன்றுகூட இல்லை. ஒரு கட்டமாவது முழுச் சுற்றையும் எடுத்துக்கொண்டால்தான் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இல்லையென்றால் 17 உள்ளதையும் 2 உள்ளதையும் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு 34 கிடைத்ததாகச் சொல்லிவிடலாம். 2023இல் 19க்கும் 41க்கும் ஊசலிகள் கிடைத்த பிறகே எல்லாச் சுற்றெண்ணுக்கும் ஊசலி உண்டு என்பது உறுதியாயிற்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தத் தேடலின் அருமை மாணவர்களுக்குப் புரிய வேண்டுமானால் வரையறை தளரக் கூடாது.

மூன்று பொத்தான்களில் நடுவில் உள்ளது அசைவதே இல்லை. அதற்கு ‘நிலைக்கட்டம்’ என்றும், மாறிக்கொண்டே இருக்கும் நான்கு கட்டங்களுக்கு ‘ஆடுகட்டம்’ என்றும் இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறோம். இவற்றைவிடப் பொருத்தமான சொற்கள் இருந்தால் தெரிவியுங்கள்; மாற்றிக்கொள்கிறோம்.