எட்டு நிமிஷம் வாயை மூடியிருக்கேலாதோ?

சனிக்கிழமை கிளிநொச்சியிலை, கடதாசியிலை எட்டுக் கட்டம் கீறி யோசனை தேடின பட்டறையிலை நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதித் தள்ளியாச்சு. படங்களும் பாத்திருப்பியள். ஆர், எவர் எண்டு திரும்பக் கிண்ட நான் வரேல்லை. ஆனா அந்தப் பட்டறைக்கு வந்த சேர் ஒருத்தர் போட்ட பதிவிலை "வளந்த ஆக்கள் எட்டுக் கட்டம் கீறி விளையாடினம்" எண்டு ஒரு வசனம் இருக்கே, அதுக்குத்தான் இது.

விளையாட்டுத்தான் சேர். அதுக்கு முதல் விதி ஒண்டு இருக்கு. எட்டு நிமிஷம் ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. நீங்கள் மூண்டாம் நிமிஷத்திலை எழும்பி, உங்கடை கடதாசியைத் தூக்கிப் பிடிச்சு "இதுதான் சரிவரும்" எண்டியள். ஆட்டம் அதோடை சரி.

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். ஏ4 கடதாசி ஒண்டை மூண்டு தரம் பாதி பாதியா மடிச்சு விரிச்சா எட்டுக் கட்டம் வரும். கட்டம் ஒண்டு 7.4க்கு 10.5 சென்ரிமீற்றர். ஒரு கட்டத்துக்கு ஒரு நிமிஷம், ஒரு யோசனை. மணி அடிச்சா அரைகுறையா இருந்தாலும் அடுத்த கட்டத்துக்குப் போகவேணும். பென்சிலும் அழிறப்பரும் மேசைப்பக்கமே வரப்படாது. வந்தா அழிச்சு அழிச்சு முதல் கட்டத்தை வடிவாக்கிக்கொண்டே இருப்பினம். தடிச்ச முனை மார்க்கர் நல்லம், அது நுணுக்கமாக் கீற விடாது. கூகிளின்ரை முதலீட்டுக் கம்பனியான கூகிள் வெஞ்சர்ஸ்காரர் தங்கடை ஐஞ்சு நாள் வடிவமைப்புப் பயிற்சியிலை வைச்சு, "கிரேசி எய்ட்ஸ்" எண்ட பேரிலை பிரபலமாக்கினது இது. அதுக்கு எவ்வளவோ முதல், 1968இலை, ஜேர்மனியிலை பேர்ன்ட் ரோர்பாக் இன்னொரு முறை சொன்னவர். ஆறு பேர், ஆளுக்கு மூண்டு யோசனை, ஐஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்காக் கடதாசி பக்கத்து ஆளிட்டைப் போகும். அரை மணித்தியாலத்திலை 108 யோசனை. அங்கையும் கதை கிடையாது.

ஏன் கிடையாது எண்டதைச் சனிக்கிழமைக் கேள்வியிலையே பாக்கலாம். றோட்டிலை காயப்போட்ட நெல்லை, மழை இருட்டிக்கொண்டு வரேக்கை ரெண்டு பேர் எப்பிடிக் கெதியா மூடுறது? முதல் கட்டத்திலை எல்லாரும் தறப்பாள்தான் கீறுவினம். (வன்னியிலை தறப்பாளைப் பற்றி எங்களுக்கு ஒருத்தரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.) ரெண்டாவது, கொஞ்சம் பெரிய தறப்பாள். மூண்டு, நாலிலை தலை வெறுமையாப் போகும். போகத்தான் வேணும். அந்த வெறுமையைத் தாண்டினாத்தான் ஐஞ்சிலை, ஆறிலை வேறை ஏதும் வரும். தாண்டேலாட்டி வேணுமெண்டே ஆக மோசமான வழியைக் கீறச் சொல்லுவம். இல்லாட்டி ரெண்டு பேருக்குப் பதிலா ஒரு அம்மம்மா மட்டும் நிக்கிறா எண்டு நினைக்கச் சொல்லுவம். அப்பிடி ஒரு உந்தல் காணும்.

சேர் எழும்பினது சரியா அந்த மூண்டிலை. காட்டினது சில்லுப் பூட்டின கூரை. பிறகு ஐஞ்சு பேரின்ரை கடதாசியிலையும் சில்லுப் பூட்டின கூரைதான். சேரின்ரை கூரை தண்ணியை நெல்லுப் பக்கமாச் சரிக்குது. அந்தச் சரிவையும் அப்பிடியே கீறியிருக்கினம்! 1991இலை ஜான்சன், ஸ்மித் எண்ட ரெண்டு பேர் வடிவமைக்கிற ஆக்களிட்டை மாதிரிப் படம் ஒண்டைக் காட்டிச் சோதிச்சுப் பாத்தவை. படத்திலை இருந்த பிழையையும் சேத்துத்தான் ஆக்கள் எடுத்தவை. அப்பிடி எடுத்தவையும் வடிவமைப்புப் படிச்ச ஆக்கள்தான்.

"கீறத் தெரியாதவை என்ன செய்யிறது?" எண்டு பதிவிலை கேட்டிருக்கிறியள் சேர். பெட்டி, வட்டம், அம்புக்குறி, குச்சி மனிசன். இவ்வளவும் காணும். "மூடி" எண்டு எழுதிவிட்டா கை எங்கை பிடிக்கும், எந்தப் பக்கத்தாலை திறக்கும் எண்டு யோசிக்காமலே தப்பிடலாம். கீறினா தப்பேலாது.

"வெளிநாட்டுச் சரக்கு." மேசன்மார் மண்ணிலை தடியாலை கீறி, காலாலை தட்டிப்போட்டு வேறை கீறிக் காட்டுறது எந்த நாட்டுச் சரக்கு?

"நேர விரயம்." உங்கடை விளக்கம் நாப்பது நிமிஷம் சேர்.

"அனுபவம் உள்ளவர் வழிகாட்டப்படாதோ?" இதிலை ஞாயம் இருக்கு, இல்லையெண்டேல்லை. ஆறு பேர் கீறினா 48 கட்டம், முக்கால்வாசி குப்பையாத்தான் இருக்கும். எது காத்துக்கு நிக்கும், எது கமக்காரருக்குக் கட்டுபடியாகும் எண்டு சொல்ல அனுபவம் வேணும்தான். ஆனா பிறகு. பேர் போடாமல் சுவரிலை ஒட்டி, கதைக்காமல் பாத்து, பிடிச்ச கட்டங்களுக்கு ஆளுக்கு மூண்டு பொட்டு வைச்சு, பெரியவர் கடைசியா வைச்சாப் பிறகு. முதலே வைச்சா மிச்சப் பொட்டெல்லாம் அதுக்குப் பக்கத்திலைதான் விழும். இதை எத்தினை தரம் சொல்லுறது?

சேர் கதைக்கேக்கையும் தலை நிமிராமல் கீறினது ஒரே ஒரு ஆள், புதுக்குடியிருப்பிலை இருந்து பஸ் ஏறி வந்த தங்கச்சி. ஐஞ்சாம் கட்டத்திலை மேலாலை மூடுறதை விட்டிட்டா. நெல்லுக்குக் கீழை விரிச்ச படங்கின்ரை ரெண்டு கரையிலும் தடி கோத்து, ஆளுக்கொரு பக்கமாத் தூக்கி நடுவிலை கொண்டந்து மடிக்கிறது. சேர் எட்டிப் பாத்து "பாய் சுருட்டுறியளோ பிள்ளை" எண்டு சிரிச்சார். மற்றவையும் சிரிச்சவை, சேர் சிரிச்சா சிரிக்கத்தானே வேணும். அந்தக் கடதாசியிலை மடிப்பு ஏற்கனவே இருந்தது. மூண்டு மடியிலை சின்னனாப் போச்சு, கைப்பைக்குள்ளை வைச்சிட்டா. சுவரிலை ஒட்டேல்லை. ஒருத்தரும் கேக்கவும் இல்லை. உங்கடை பதிவிலை கூரைப் படம் மட்டும் வடிவா இருக்கு, 200 லைக்கும் விழுந்திருக்கு.

வாற சனியும் இருக்குது. தங்கச்சியிட்டை அந்தக் கடதாசியைக் கொண்டு வரச் சொல்லியிருக்கு. சேர், நீங்களும் வாங்கோ, உங்களுக்கும் ஒரு ஏ4 எடுத்து வைக்கிறம். மணி இந்தமுறை தங்கச்சியின்ரை கையிலை.