டச் பார்க்கிற ஆள்

போன மாதம் அக்கா மகன் ஆடிய இன்டர்-காலேஜ் ஃபுட்பால் மேட்சுக்குப் போயிருந்தேன். ஓமலூர் ரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரி மைதானம், நாக்-அவுட் சுற்று. கோல் இல்லாமல் கடைசிப் பத்து நிமிஷம் வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். எங்கள் கீப்பர் ஒரு கிராஸை எகிறிப் பிடித்தான். பந்தை நெஞ்சோடு அணைத்து விழுந்தான், எழுந்தான், எல்லோரையும் மேலே ஏறச் சொல்லிக் கையசைத்தான். கொஞ்சம் நேரம் கடத்தலாம் என்று நினைத்திருப்பான், பாவம். நடுவர் ஒரு கையைத் தூக்கி விரல் விரலாக மடக்க ஆரம்பித்தார். எதற்கு மடக்குகிறார் என்று பையனுக்குத் தெரியவில்லை. விசில் அடித்தது. எதிரணிக்குக் கார்னர். கார்னர் வந்து விழுந்தது, ஒரு நெட்டைப் பையன் தலையால் தட்டினான், கோல். அத்தோடு எங்கள் பையன்கள் மூட்டை கட்டினார்கள்.

கீப்பர் பந்தை எட்டு விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று 2025 ஜூலையிலிருந்து விதி மாறியிருக்கிறது. கடைசி ஐந்து விநாடியை நடுவர் விரல் மடக்கிக் காட்ட வேண்டும். முன்பு ஆறு விநாடி, மீறினால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக் என்று எழுதி வைத்திருந்தார்கள். அதை யாரும் கொடுத்துப் பார்த்ததே அபூர்வம். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் இது தெரியாது.

பி.டி. சார் அந்த நேரத்தில் பெஞ்சிலேயே இல்லை. மைதானத்து ஓரத்தில் போட்டிருந்த மேஜையில், மறுநாள் வாலிபாலுக்கான எலிஜிபிலிட்டி ஃபாரங்களோடு நின்றுகொண்டிருந்தார். போட்டோ ஒட்டி, பிரின்சிபால் கையெழுத்து வாங்கி, மார்க் ஷீட் ஜெராக்ஸ் பின் போட்ட பன்னிரண்டு ஃபாரம். அதில் ஒரு பையனுக்கு சீல் விட்டுப்போயிருந்தது. விசில் சத்தம் கேட்டு ஃபாரங்களைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்து, "எந்த ஊர் ரூல் சார் இது?" என்று கோட்டைத் தாண்டி உள்ளே போனார். நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டினார். 2019லிருந்து பெஞ்சில் இருப்பவர்களுக்கும் அட்டை உண்டு. கேலரியில் ஒரே சிரிப்பு.

வீட்டுக்கு வந்தால் அக்கா வீட்டுக்காரர் அதே சிரிப்போடு, "அந்தாளுக்கு ஒண்ணும் தெரியல மாப்ள, மாத்தணும்" என்கிறார். இந்தப் பதிவே அவருக்குச் சொல்ல நினைத்து எழுத ஆரம்பித்ததுதான். மாமா, அந்தாளை மாற்றி என்ன ஆகப்போகிறது? அடுத்து வருகிறவர் கையிலும் அதே வாலிபால் ஃபாரம்தானே இருக்கும்?

கல்லூரிக்கு ஒரு பி.டி. சார் என்றால் அவருக்கு எத்தனை வேலை என்று ஒரு நாள் கூடவே நடந்து பாருங்கள். காலை ஆறு மணிக்கு ஃபுட்பால் பிராக்டிஸ், பக்கத்திலேயே கபடி. ஒன்பது மணிக்கு கேட்டில் நின்று ஐ.டி. கார்டு பார்க்கணும். அப்புறம் கல்லூரிக்குத் தரம் போட வருகிற நாக் குழுவுக்கான ஃபைல், ஸ்போர்ட்ஸ் டே நன்கொடைக் கடிதம், மேட்ச் ஆடப் போன பையன்களுக்கு ஓ.டி. (வகுப்புக்கு வராத நாளையும் வந்ததாகக் கணக்கு வைக்கிற 'ஆன் டியூட்டி') வாங்க ஒவ்வொரு டிபார்ட்மென்ட் வாசலிலும் நிற்பது. சாயங்காலம் திரும்ப மைதானம். யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி இந்த வேலைக்கு வர முப்பது வயதுக்குட்பட்ட ஆண் 12 நிமிஷத்தில் 1,800 மீட்டர் ஓடிக் காட்ட வேண்டும். ஓடிக் காட்டித்தான் வருகிறார்கள். வந்த பிறகு ஓடுவதெல்லாம் ஆபீஸ் ரூமுக்கும் மைதானத்துக்கும் நடுவில்.

நான் ஒரு காலத்தில் கீப்பர். இருபது வருஷத்துக்கு முன்னால், சேலத்திலேயே ஒரு கல்லூரியில். மூன்று வருஷமும் எங்களுக்குக் கோச் என்று இருந்தவர் ஒரே பி.டி. சார்தான், நல்ல மனுஷன். ஆனால் அவர் அத்லெட்டிக்ஸ்காரர். எனக்குக் கீப்பிங் சொல்லிக்கொடுத்தது எங்கள் மார்க்கர் அண்ணன். மார்க்கர் என்றால் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டி, பந்துக்குக் காற்றடித்து வைக்கிறவர். கல்லூரிச் சம்பளப் பட்டியலில் கடைசி வரியில் இருக்கிற பெயர். சின்ன வயதில் ஏதோ மில் டீமில் கோலில் நின்றவராம். எல்லோரும் போன பிறகு ஸ்டோர் ரூம் சுவரில் பந்தை அறைந்து, திரும்பி வருவதை என்னைப் பிடிக்கச் சொல்வார். "பந்தைப் பாக்காத. அடிக்கிறவன் இடுப்பப் பாரு. காலு பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது" என்பார். குச்சியால் மண்ணில் கோடு கிழித்து, கோல் கம்பத்திலிருந்து எத்தனை எட்டு முன்னால் வந்தால் அடிக்கிறவனுக்கு எவ்வளவு இடம் குறைகிறது என்று காட்டுவார். கோலின் அகலம் 7.32 மீட்டர் என்பதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் அவர் போட்ட கோட்டில் அளந்துவிட்டேன்.

வெளியூர் மேட்ச் என்றால் அவர் வரமாட்டார். மார்க்கருக்கு டி.ஏ. கிடையாது. பஸ் காசு யார் தருவது?

அப்படி ஒரு வெளியூர் மேட்சில்தான் வலது சுண்டு விரல் பிசகியது. ஃபார்வர்டு காலும் என் கையும் ஒரே பந்துக்குப் போனது. சார் ஓடி வந்து விரலைப் பிடித்து ஒரு இழு இழுத்தார், ஸ்ப்ரே அடித்தார், "ஒண்ணுமில்லடா, போய் நில்லு" என்றார். இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. மாற்றுக் கீப்பர் என்று ஒருவன் எங்களிடம் இல்லை. நின்றேன். இரண்டு நாள் கழித்துப் படம் எடுத்தால் எலும்பில் கீறல். அந்த விரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் கோபம் இருந்திருக்கிறது, அதை அவர் மேல் வைப்பது நியாயமில்லை என்பதும் தெரிந்திருக்கிறது. அந்த நிமிஷத்தில் அவரிடம் இரண்டு வேலை இருந்தது. மேட்சை ஜெயிக்க வேண்டும், என் விரலையும் காப்பாற்ற வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் தலையில் கட்டினால் ஜெயிக்கிற பக்கம்தான் தட்டு சாயும்.

இதை எனக்குப் புரியவைத்தது நான் இப்போது செய்கிற தொழில். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். சேலத்துக்காரர்களுக்குத் தெரியும், ஒரு ஜோடி கொலுசு எத்தனை கை மாறுகிறது என்று. உருக்குகிறவர் ஒருத்தர், கம்பி இழுக்கிறவர் ஒருத்தர், பற்றவைக்க ஒருத்தர், மெருகு போட ஒருத்தர். எவ்வளவு கைராசிக்காரனாக இருந்தாலும், செய்தவனே டச் (வெள்ளியின் சுத்தம் நூற்றுக்கு எத்தனை என்பது) பார்க்கமாட்டான். அதற்கென்று தனிக் கடை, தனி ஆள். சரக்கு எண்பது டச் என்று நான் சத்தியம் செய்தாலும் அவர் எழுபத்தெட்டு என்று எழுதிக் கொடுத்தால் எழுபத்தெட்டுதான். அவரோடு நான் பொங்கலுக்குப் பலகாரம் பரிமாறிக்கொள்வேன், ஆனால் சீட்டில் ஒரு புள்ளி ஏற்றிப் போடு என்று கேட்க முடியாது. ஒரு டீமுக்கும் அப்படி டச் பார்க்கிற ஆள் ஒருத்தர் வேண்டும். கோச்சிடம் "வேண்டாம் சார்" என்று சொல்லக்கூடிய இரண்டாவது ஆள்.

சித்தப்பா மகள் குடும்பத்தோடு அமெரிக்காவில் இருக்கிறாள். அவள் பையன் அங்கே ஒரு சின்னக் கல்லூரியின் ஆண்கள் டீமில் ஆடுகிறான் (அவர்கள் 'சாக்கர்' என்பார்கள், ஃபுட்பால் என்றால் அங்கே ஹெல்மெட் போட்டு முட்டிக்கொள்கிற விளையாட்டு). ஒரு ஹெட் கோச், இரண்டு அசிஸ்டென்ட், கீப்பர்களுக்குத் தனியாக ஒருத்தர், காயம் பார்க்க அத்லெட்டிக் டிரெய்னர் ஒருத்தர் என்று சொன்னாள். எனக்கு வாய் பிளந்தது ஆள் எண்ணிக்கைக்கு இல்லை. அடிபட்டவன் திரும்ப ஆடலாமா கூடாதா என்பதை அங்கே டாக்டரும் டிரெய்னரும்தான் முடிவு செய்ய வேண்டும், கோச் அதில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று அவர்களுடைய கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. விதியாகவே போட்டிருக்கிறது. அங்கே எல்லாம் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. முதல் டிவிஷனிலேயே 'வாலன்டியர் கோச்' என்று சம்பளமில்லாமல் வேலை வாங்குகிற ஒரு பதவி பல வருஷம் இருந்து, 2023இல்தான் எடுத்தார்கள். நம் மார்க்கர் அண்ணன்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள்.

"ரஹீம் சாகிப் என்ன பத்துப் பேரையா கூட வைத்திருந்தார்?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். சையத் அப்துல் ரஹீம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். அவர் பயிற்சியில்தான் இந்திய ஃபுட்பால் டீம் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவது இடம் வந்தது. 1962இல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்து ஆசிய விளையாட்டுத் தங்கம். அடுத்த வருஷமே புற்றுநோயில் போய்விட்டார். அந்த பைனலில் ஜர்னைல் சிங் தலையில் தையலோடு ஆடினார். பேக்கில் நிற்க வேண்டியவரை ரஹீம் முன்னால் ஃபார்வர்டாக அனுப்பினார், அவர் ஒரு கோலும் அடித்தார். கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். கீப்பர் என்பதால் எனக்கு அந்தப் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது.

எனக்கும் மெய்சிலிர்க்கிற கதைதான். ஆனால் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களை அடிபட்ட காலோடு ஆட அனுப்பினார்கள். ஜர்னைல் சிங் ஆடியது ஆசிய விளையாட்டு பைனல். நாங்கள் ஆடியது ஸோன் அளவில் இரண்டாவது சுற்று.

காயத்தைப் பற்றி இன்னும் ஒன்று. 'ஃபிஃபா 11+' என்று ஒரு வார்ம்-அப் முறை இருக்கிறது. இருபது நிமிஷம்தான். பந்தைத் தவிர ஒரு சாமானும் வேண்டாம். மெதுவாக ஓடுவது, ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து இறங்குவது, தொடைப் பின்தசைக்கு ஒன்றிரண்டு பயிற்சி. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் டீம்களில் 2012 சீசன் முழுக்க இதைச் செய்ய வைத்துப் பார்த்தார்கள். செய்யாத டீம்களைவிடச் செய்த டீம்களில் காயம் ஏறக்குறைய 46 சதவீதம் குறைவு. சல்லிக் காசு செலவில்லை, பிறகு ஏன் இங்கே யாரும் செய்வதில்லை? குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்கிறதா என்று ஒருத்தர் நின்று பார்க்க வேண்டும். சாய்ந்தால் திருத்த வேண்டும். இருபது பையன்களின் நாற்பது முட்டி. எங்கள் பையன்கள் வார்ம்-அப் செய்யும்போது பி.டி. சார் அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருப்பார். கேப்டன் "ஒன், டூ" என்று கத்துவான், மற்றவர்கள் மொபைலைப் பைக்குள் வைக்கப் போவார்கள்.

இந்த டீமில் லெஃப்ட் விங் ஆடுகிற பையன் ஏற்காட்டுக்கு மேலே நாகலூர் பக்கம். தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, சாயங்காலம் அதே இருபதும் ஏறிப் போகிறான். கடைசி பஸ்ஸை விட்டால் அடிவாரத்தில் லாரி பார்த்து நிற்க வேண்டும். காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் வீட்டில் ஆள் போதாது என்று வாரத்தில் இரண்டு நாள் வரவே மாட்டான். வந்த நாளிலும் கடைசி அரைமணி நேரம் வாட்சைப் பார்த்துக்கொண்டேதான் ஓடுவான். "மலைக்காரப் பையன், மூச்சு நிக்கும், இவனுக்கு இன்னும் ரெண்டு ரவுண்டு" என்று கூட ஓடவிடுகிறார்கள். அவன் காலை நாலரைக்கு எழுந்தவன் என்பது மைதானத்தில் ஒருவருக்கும் தெரியாது. நானே அக்கா மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உதவிக் கோச் என்று ஒருத்தர் இருந்தால் அவருக்கு முதல் வேலையே இதைத் தெரிந்துவைத்திருப்பதுதான். கார்னரில் யார் எங்கே நிற்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பணம்தானே? புது ஜெர்சிக்கு, ஸ்பான்சர் பேரோடு டிராக் சூட்டுக்கு, ஜெயித்தால் கேட்டில் கட்டுகிற ஃப்ளெக்ஸுக்கு எல்லாம் பணம் இருக்கிறது. லைசென்ஸ் வைத்த பெரிய கோச்சைக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. பிசியோதெரபி படிக்கிற பிள்ளைகள் படிப்பின் கடைசியில் இன்டர்ன்ஷிப் போகிறார்கள். அதில் ஒருத்தரை வாரம் மூன்று நாள் மைதானத்தில் நிறுத்தலாம். என்னை மாதிரி வயிறு போட்ட பழைய கீப்பர்கள் செவன்ஸ் மேட்ச் (அணிக்கு ஏழு பேர் ஆடுவது) நடக்கிற ஒவ்வொரு மைதானத்து ஓரத்திலும் நின்று வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருக்கிறோம். கூப்பிட்டால் வரமாட்டோமா? மார்க்கருக்கும் டீமோடு போக ஒரு பஸ் டிக்கெட். இதைவிடச் சின்னக் கோரிக்கை எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

நானே கேட்டுப் பார்த்தேன். செவ்வாய், வியாழன் சாயங்காலம் வந்து கீப்பர்களைப் பார்த்துக்கொள்கிறேன், காசு வேண்டாம் என்று. ஆபீஸில், "லெட்டரா குடுங்க சார், கமிட்டியில வைக்கிறோம்" என்றார்கள். கொடுத்தேன். கமிட்டி இன்னும் கூடவில்லை. வியாழக்கிழமை கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தி யாரைப் பார்க்கணும் என்று கேட்டார். "பேரன்ட்" என்று நோட்டில் எழுதிவிட்டு உள்ளே போனேன்.

மைதானத்தில் பி.டி. சாரே பார்த்துவிட்டு வந்தார். மஞ்சள் அட்டை விஷயத்தை நான் எடுக்கவில்லை, அவரே எடுத்தார். அந்த எட்டு விநாடி விதியைப் பிரிண்ட் போட்டு ஸ்டோர் ரூம் கதவில் ஒட்டியிருப்பதாகச் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சார், ஒரு உதவி. உங்க அக்கா பையனுக்குக் கணுக்கால் இன்னும் வீக்கமாத்தான் இருக்கு. திங்கக்கிழமை மேட்ச். ஆட வேண்டாம்னு நான் சொன்னா மேனேஜ்மென்ட்ல ஏன்னு கேப்பாங்க. வீட்டுல வேண்டாம்னுட்டாங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்" என்றார்.

சொன்னேன். அக்கா மகன் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.