நீலக்கோடு போட்ட மகராசனுக்கு

ஐயா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. உங்கள் முகப்படத்தில் தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும்தான் இருக்கின்றன. ஆனால் நீங்கள் அந்தச் சாலையில் ஒரு அடிகூடச் சைக்கிள் ஓட்டியதில்லை என்பது மட்டும் தெரியும். போன சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு, மூடிக்கிடந்த ஒரு கேட்டின் முன்னால் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு நின்றபோது தெரிந்துகொண்டேன்.

"கொடைக்கானல் – மூணாறு, வெள்ளைக்காரர் காலத்துப் பழைய சாலை. சரளைச் சாலையில் ஓட்டும் கிராவல் சைக்கிளுக்குச் சொர்க்கம். சிரமம்: நடுத்தரம்." இணைய வரைபடத்தில் வழியைக் காட்ட ஒரு நீலக்கோட்டைப் போட்டு, இதுதானே நீங்கள் எழுதியது? கீழே பாராட்டு மழை. "அருமை." "போயே தீரவேண்டும்." "அடுத்த மாதம் கிளம்புகிறோம்." ஒருவராவது "போய்வந்தேன்" என்று எழுதியிருக்கிறாரா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் கிடந்து வரைபடம் பார்ப்பவனுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்!

சாலை என்னவோ பொய்யில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் கடற்கரையில் வந்து இறங்கிவிட்டால், மலை வழியாகக் கொச்சிக்குத் தப்பி ஓடுவதற்கென்று செப்பனிட்ட சாலை அது. பேரிஜம் ஏரியைத் தாண்டி, வந்தரவு உச்சிக்கு அருகில் ஏறக்குறைய 2,480 மீட்டர் உயரம் ஏறி, டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறு போய்ச் சேரும். ஜப்பான்காரன் வரவில்லை. 1990-இல் சாலையை மூடிவிட்டார்கள். 2013-இல் இந்தப் பக்கத்துக் காடு வனவிலங்குச் சரணாலயமாகவும் ஆகிவிட்டது. எல்லையைத் தாண்டினால் கேரளத்துப் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. பரப்பு வெறும் 1.32 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் தேசியப் பூங்கா தேசியப் பூங்காதான். அங்கே இன்னொரு கேட், இன்னொரு மொழி, அதே கேள்விகள். இவ்வளவையும் விட்டுவிட்டு உங்கள் குறிப்பில் இருந்தது என்ன? "டயரில் காற்றைக் குறைத்துக்கொள்ளவும்."

குறைத்தேன். நான்கு மணிக்கு எழுந்து, விடுதி வராந்தாவில் குளிரில் விரல் விறைக்க, 40 மில்லிமீட்டர் டயரில் காற்றை அளந்து அளந்து இறக்கினேன். சரளையில் டயர் அமுங்கிக் கொடுக்க வேண்டுமாம். அந்தக் காற்றுக் குறைந்த டயரோடு கொடைக்கானல் ஏரிக்கரையிலிருந்து தூண் பாறை வரைக்கும் தார்ச்சாலை ஏற்றத்தை மிதித்துப் பாருங்கள், தெரியும். சேற்றில் எருமையை இழுப்பது போல இருந்தது. போகட்டும், முன்னால் சொர்க்கம் இருக்கிறதே என்று மிதித்தேன்.

கேட் வந்தது. அது எந்தக் கேட் என்று கேட்காதீர்கள். அங்கே காவலுக்கு இருந்தவர்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதாவது, இப்போது இல்லை.

"எங்கே தம்பி?"

"மூணாறு, அண்ணே."

அவர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். டீக் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எதில்?"

நான் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன். "இதில்தான்."

எழுந்து வந்து ஒரு பிரதட்சணம் செய்தார். முன் சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "காற்றே இல்லையே?"

"வேண்டுமென்றே இறக்கியிருக்கிறேன்."

"வேண்டுமென்றே." அந்தச் சொல்லை வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் மென்றார். "என்ன விலை?"

வீட்டில் சொன்ன விலையைத்தான் இவரிடமும் சொன்னேன், அதாவது உண்மையில் பாதி. அதற்கே புருவம் ஏறியது.

"இதற்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிளே வாங்கியிருக்கலாமே!"

"மோட்டார் சைக்கிள் என்றால் விடுவீர்களா?"

"விடமாட்டோம்."

"அப்புறம்?"

"விலையைச் சொன்னேன்."

நானும் விடவில்லை. கைபேசியை நீட்டி நீலக்கோட்டைக் காட்டினேன். ஏதோ நீதிமன்ற உத்தரவைக் காட்டுவது போன்ற தோரணை எனக்கு. சட்டைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்தார், துடைத்தார், மாட்டினார். கோட்டின்மேல் விரலை வைத்துப் பைய நகர்த்திக்கொண்டே போனார். பேரிஜம் வந்ததும் விரல் நின்றது.

"தம்பி, இது ஏரி."

"ஆமாம்."

"கோடு ஏரிக்கு நடுவில் போகிறதே?"

பெரிதாக்கிப் பார்த்தேன். போகிறது, மகராசனே. இந்தக் கரையில் இறங்கி அந்தக் கரையில் ஏறுகிறது. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி, நேராக, தண்ணீரின்மேல். பெரியகுளத்துக்காரர்கள் குடிக்கும் தண்ணீர் அது. அதன்மேல் என்னைச் சைக்கிள் விடச் சொல்லியிருக்கிறீர்கள். சிரமம், நடுத்தரம்.

"சைக்கிள் மிதக்குமா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் வலித்தது.

"இதைப் போட்டவர் இங்கே வந்திருக்கிறாரா?" என்று அடுத்த கேள்வி. பதில் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். "போன வாரம் நாலு பேர் வந்தார்கள். அவர்கள் கையிலும் இதே நீலக்கோடுதான்" என்றார். எனக்கு முன்னால் நாலு பேர்! ஒருவராவது திரும்பிப் போய், "அங்கே கேட் இருக்கிறது, போகாதீர்கள்" என்று ஒரு வரி எழுதியிருக்கலாகாதா? மாட்டார்கள். தான் பட்ட பாட்டை அடுத்தவனும் படட்டும் என்ற நல்லெண்ணம்.

அந்த நேரம் பார்த்து அனுமதிச் சீட்டோடு ஒரு வேன் வந்தது. கேட் திறந்தது. உள்ளே குழந்தைகள், சிப்ஸ் பாக்கெட், பாட்டுச் சத்தம். சர்ரென்று உள்ளே போனது. எனக்கு வந்த கோபத்தைக் கேட்கவா வேண்டும்? "அண்ணே, இத்தனை சத்தத்தோடு போகிற வேனால் யானைக்கு ஒன்றுமில்லை, ஓசைப்படாமல் மிதித்துப்போகிற நான்தான் காட்டைக் கெடுக்கப்போகிறேனா?"

"அதற்குத்தான் தம்பி" என்றார். "வேன் வருவது காட்டுமாட்டுக்கு அரை கிலோமீட்டருக்கு முன்பே கேட்டுவிடும். நீங்கள் வருவது வளைவில் திரும்பிய பிறகுதான் அதற்குத் தெரியும்."

நியாயமான பதில். நியாயமான பதில் சொல்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? குரங்கணியைப் பற்றியும் சொன்னார். 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் போன இடம், இதே மலைத்தொடர்களுக்கு அந்தப் பக்கம். அதைச் சொன்னபோது இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே, "பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போங்களேன், யாரும் தடுக்கமாட்டார்கள்" என்று வழி சொன்னார். எனக்கு வீம்பு. திரும்பினேன். உள்ளே போகிற வழியில் மதிகெட்டான் சோலை என்று ஓர் இடம் உண்டு. நுழைந்தவர் மதிகெட்டு வழி தெரியாமல் சுற்றுவார்கள் என்பார்கள். எனக்கு உள்ளே போகவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. கேட்டிலேயே ஆகிவிட்டது.

இறக்கத்தில் பாதி வழியில் நிறுத்திக் கைப்பம்பால் காற்றடித்தேன். முந்நூறு முறைக்கு மேல் அடித்திருப்பேன். ஒவ்வொரு அடிக்கும் உங்களை நினைத்துக்கொண்டேன், மகராசனே. கடந்துபோன காரிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "சார், பஞ்சரா? சைக்கிள் என்ன விலை?" என்றார்.

இதுவாவது போகட்டும். வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக்கூடாது என்று பஜாரில் மலைப்பூண்டு வாங்கினேன். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் பூண்டாயிற்றே. கடையில் படிப்படியாக அடுக்கிய வயல்களின் படம் வேறு மாட்டியிருந்தது. என் மனைவி ஒரு பல்லை நசுக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏங்க, இது நம் தெருமுனைக் கடைப் பூண்டு. விலைதான் மலை ஏறியிருக்கிறது" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. கால் கிலோ நூற்றெண்பது ரூபாய் வாங்கினார் அந்தக் கடைக்காரர். நூற்றெண்பது! அதுவும் சில்லறையாகத்தான் வேண்டுமென்று கேட்டு வாங்கினார்.