அழிவதற்காகவே செதுக்கிய மரம்

சில வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் ஓர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு மரச்சிற்பத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன். ஆள் உயரம். மனித உருவம் ஒன்று, அதைச் சுற்றிப் பறவையும் பாம்பும் மீனும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, அத்தனையும் ஒரே மரத்தில் குடைந்தவை. கண்ணுக்கு நத்தை ஓட்டின் மூடியைப் பதித்திருந்தார்கள், பச்சையாக மினுங்கியது. கீழே குறிப்பு: மர உருவம், நியூ அயர்லாந்து, 19ஆம் நூற்றாண்டு. அவ்வளவுதான்.

அதன் பெயர் மலகான். பசிபிக் தீவு நாடான பப்புவா நியூ கினியில், நியூ அயர்லாந்து தீவின் வடபகுதி மக்கள் இறந்தவர்களுக்காகச் செய்வது. சடங்குக்கும் அதே பெயர்தான். ஒருவர் இறந்தவுடன் நடப்பதல்ல இது. பன்றிகளும் கிழங்கும் சேர வேண்டும், உறவுகள் கூட வேண்டும். மாதங்கள் ஆகும், வருடங்களும் ஆகும். நம் ஊரில் ஏழிலைப்பாலை என்கிறோமே, அதே இனத்து மென்மரத்தில், வேலி அடைத்து மறைத்த இடத்தில் செதுக்குவார்கள். சிவப்பு, கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பூசி ஒருநாள் எல்லோர் முன்னாலும் திறப்பார்கள். சில மணி நேரமோ சில நாட்களோ பார்வைக்கு இருக்கும். அப்புறம் எரித்துவிடுவார்கள், இல்லையென்றால் காட்டில் மட்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். இறந்தவருக்கான கடமை அதோடு தீர்ந்தது.

இவ்வளவு உழைத்துவிட்டு அழிப்பதா என்று எனக்கும் முதலில் மனசு கேட்கவில்லை. பிறகுதான் புரிந்தது, அவர்கள் சேர்த்து வைப்பது மரத்தை அல்ல, அந்த வடிவத்தை. ஒவ்வொரு வடிவத்துக்கும் உரிமையாளர் உண்டு. பன்றியும் சிப்பிப் பணமும் கொடுத்து, சபை அறிய அந்த உரிமையை வாங்க வேண்டும். வாங்கியவர் அந்தச் சில மணி நேரத்தில் பார்த்ததை மனதில் வைத்திருந்து, பல வருடம் கழித்து இன்னொரு சாவுக்குச் சிற்பியிடம் சொல்லிச் செய்விப்பார். நிலத்தின் மீதான உரிமைகூட இதோடு சேர்ந்து கைமாறுவதுண்டு. உரிமை இல்லாதவர் அந்த வடிவத்தைச் செய்தால் பெரிய குற்றம். காப்புரிமை என்று நாம் தாளில் எழுதி வைப்பதை அவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள்.

1884 முதல் 1914 வரை அந்தத் தீவு ஜெர்மனியின் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான மலகான்கள் கப்பலேறின. எல்லாவற்றையும் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சடங்கு முடிந்த சிற்பத்தை வெளியாளுக்கு விற்பதும் அழிப்பதற்குச் சமம் என்று ஊர்க்காரர்களே விற்றிருக்கிறார்கள். சரி, விற்றார்கள். விற்றது மரத்தை. வடிவத்தின் உரிமையை யாரும் கப்பலில் ஏற்றவில்லை. அந்த வடிவத்தைப் படம் எடுத்து எதிலாவது அச்சடிக்கும் முன் அந்தக் குலத்தாரைக் கேட்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு 2013 நினைவுக்கு வரும். பப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் இருக்கும் நாடாளுமன்றக் கட்டடம், அதே நாட்டின் செபிக் ஆற்றுப் பகுதி மக்கள் முன்னோர் ஆவிகளுக்காகக் கட்டும் வீட்டைப் போல முகப்பு வைத்துக் கட்டியது. அதன் வாசலில் இருந்த செதுக்கிய தலைகளை, இவை கிறிஸ்தவ நாட்டுக்கு ஆகாதவை என்று சபாநாயகர் தியோ சுரெனுவோக் வெட்டி அகற்ற வைத்தார். நாட்டின் தேசிய நீதிமன்றம் 2016இல் அது தவறு என்று தீர்ப்பளித்தது. ‘அந்த மக்களே அழிக்கிறார்கள்தானே, இதில் என்ன?’ என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. மலகானை அழிப்பது அதைச் செய்வித்தவர்கள், அதன் வேலை முடிந்த பிறகு, உறவுகள் பார்க்க. இங்கே உரியவர்களைக் கேட்காமல் ஒரு பதவி அழித்தது. இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கிறோம் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு மறுபடி வருகிறேன். அந்தச் சிற்பத்தைத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்பதை அந்தத் தீவுக்காரர்கள் சொல்லட்டும். நான் கேட்பது அதன் கீழே இன்னும் இரண்டு வரி. எந்தக் குலத்தின் வடிவம், யார் இறந்ததற்காகச் செய்தது. தெரியவில்லை என்றால், நாங்கள் கேட்டு வைக்கவில்லை என்று எழுதட்டும்.