உடையறது முழுசு, கழியறது 17

"வீட்டுலயே டேகேர் நடத்துறீங்க, அப்புறம் என்னங்க, வீட்டுச் செலவு மொத்தத்தையும் வரியில கழிச்சுடலாமே!" அமெரிக்காவுல டேகேர் நடத்துற யார்கிட்டயும் இதை மட்டும் சொல்லிடாதீங்க. வீட்டுல தொழில் நடத்துறவங்க வீட்டுச் செலவைக் கழிக்க நிரப்புற வரிப் படிவம், பாரம் 8829-ஐ ஒரு தடவை நிரப்பிட்டு வந்து பேசுங்க.

கணக்கைக் கேளுங்க. வீட்டுல பாதி இடம் பசங்களுக்குன்னு வைங்க. தினம் 12 மணி நேரம், வாரம் 5 நாள், வருஷத்துக்கு 50 வாரம். மொத்தம் 3,000 மணி நேரம். அதை 8,760-ஆல வகுக்கணும். அதுதான் ஒரு வருஷத்தோட மொத்த மணி நேரமாம், நாங்க குறட்டை விடுறதும் சேர்த்து! வர்றது 34.25 சதவீதம். பாதி இடம்தானே, அதனால 17.12. ஒருத்தன் பொம்மைக் காரை டாய்லெட்டுல போட்டு, மெயின் டிரெயினே அடைச்சு, பிளம்பர் 300 டாலர் தீட்டிட்டுப் போனா, கழியறது 51 டாலர் சொச்சம். ராத்திரி தூக்கத்துல நானா எழுந்து போய் அந்தக் காரை உள்ள தள்ளினேன்?

ஒரு நல்லது இருக்கு, இல்லேங்கல. மத்த வீட்டுத் தொழிலுக்கு அந்த இடத்தைத் தொழிலுக்கு மட்டும்தான் வச்சிருக்கணும். லைசன்ஸ் உள்ள டேகேருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பசங்க போனப்புறம் கூட்டித் துடைக்கிற நேரத்தையும் கணக்குல சேர்க்கலாம். ஆனா எழுதி வைக்கணும். நான் வாந்தியைத் துடைப்பேனா, நோட்டைத் தேடுவேனா?

கூரை கதை இன்னும் மோசம். ஒழுகுற இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டா ரிப்பேர், நம்ம பங்கு அந்த வருஷமே கழியும். மொத்தமா மாத்தினா அது 'இம்ப்ரூவ்மென்ட்'. பொதுவா 39 வருஷத்துக்குப் பிச்சுப் பிச்சுக் கழிக்கணும், அதுவும் அந்த 17 சதவீதத்தை மட்டும். ஷிங்கிள் கூரை 39 வருஷம் தாங்குமா? அதுக்குள்ள பல்லிளிச்சு, அடுத்த கூரையே போட்டிருப்போம்!

புல்வெளி? வரித்துறையோட வழிகாட்டிப் புத்தகம் பப்ளிகேஷன் 587, புல் வெட்டுற செலவைத் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத செலவுக்கு உதாரணமா காட்டுது. பசங்க உருண்டு புரண்டு மொட்டையாக்கினது பின்ன எதையாம்?

இந்தத் தலைவலியே வேண்டாம்னா 'சுலப வழி' ஒண்ணு இருக்கு. சதுர அடிக்கு 5 டாலர், அதிகபட்சம் 300 சதுர அடி. ஆஹான்னு வாயைத் திறக்காதீங்க. டேகேர்னா அந்த 5 டாலரையும் மணிக்கணக்குச் சதவீதத்தால வெட்டுவாங்க, 1.71 ஆயிடும். ஆகக்கூடி வருஷத்துக்கு 513 டாலர். இதை எடுத்தா வீட்டு ரிப்பேர் பில் எதையும் தனியா காட்டவும் முடியாது. கிரையான் கிறுக்கலை மறைக்க ஹாலுக்குப் பெயின்ட் அடிச்ச கூலிக்கே அது காணாதுங்க!